காகத்தைக் கூப்பிடுகிற பெண்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மழை எவ்வளவு கொட்டினாலும் தன்னந்தனியாக நகருக்கு வெளியே உள்ள காட்டுக்குப் போய்விடுவார். பின்னேரம் சேறு அப்பிய சப்பாத்துகளோடு திரும்பும்போது படிக்கட்டில் என்னைக் கண்டால், இன்று ஒருவரையும் சந்திக்கவில்லை, அருமையான நாள் என்பார். ஜெர்மனியின் ஹனோவருக்கு வந்த புதிதில் அம்மா இவரை நினைத்து மிகவும் கவலைப்பட்டார். பெண்சாதி இல்லையா, பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்களா, யாராவது செய்வினை வைத்தார்களா என்றெல்லாம் யோசித்துவிட்டு, "பாவம், மனுசனுக்கு விசர்" என்று பைத்தியப் பட்டம் கட்டினார். கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் அவர்தான் ஆகத் தெளிவான ஆள். எது பழுதானாலும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத் தொடங்கியபோது இந்த மனிதர்தான் எனக்குப் பெரிய உதவி. இங்கத்தைய பழைய நாவல்களில் வருகிற கதாநாயகர்கள் பலர் அவரைப் போலவே மரங்களுக்கு நடுவே தனியாக அலைகிறார்கள், நிலவோடு பேசுகிறார்கள். வாசகர்கள் அவர்களை ஆழமானவர்கள் என்கிறார்கள். அதே ஆளை எங்கள் ஊர்க் கதையொன்றில் கொண்டுவந்து விட்டால் இரண்டாம் பக்கத்திலேயே தாய்க்காரி கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டியிருப்பாள். மறுபக்கம் எங்கள் கணக்கு ரீச்சரை நினைத்துப் பாருங்கள். அம்மன் கோயில் பொங்கலில் உரு வந்து தலைவிரித்து ஆடுவார். ஊரே கைகட்டி நின்று வாக்குக் கேட்கும். மறுநாள் காலை அதே ரீச்சர் என் கொப்பியில் பெருக்கல் பிழைகளைச் சிவப்பால் சுழித்துக்கொண்டிருப்பார். அவருக்கு விசர் என்று ஒருவரும் சொன்னதில்லை. கலியாணம் வேண்டாம் என்று புத்தகத்தோடு அறையில் இருந்த அவருடைய தம்பியைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஒரு கதாபாத்திரம் பைத்தியமா இல்லையா என்பதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை, கதைக்குள் இருக்கும் அயலவர்களும் வெளியே இருக்கும் வாசகர்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள் என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். செமினாரில் வாசிக்கும் கட்டுரைக்காக, ஊரிலிருந்து வந்த கிழிந்த சஞ்சிகையொன்றில் இருந்த சிறுகதையை ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். கணவனை இழந்தவள் அமாவாசைதோறும் காகத்துக்குச் சோறு வைக்கிறாள். காகம் பிந்தி வந்தால் சண்டை பிடிக்கிறாள். இவ்வளவு நேரம் எங்கே நின்றாய், யார் வீட்டில் வடை சுட்டார்கள் என்று கேட்கிறாள். நாங்கள் சிரித்துக்கொண்டே கண் கலங்கும் இடம் அது. வகுப்பில் ஒருவர் அதை மாயத்தோற்றம் என்றார். இன்னொருத்தி, இந்தப் பெண்ணை எந்தப் பக்கத்தில் மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள் என்று அக்கறையாகக் கேட்டாள். யாரும் கொண்டுபோக மாட்டார்கள், காகம் வரும்வரை எல்லோரும் பசியோடு காத்திருப்பார்கள் என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி வந்தது.

எங்கள் மேல்வீட்டு மலர் அக்கா பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தார். தனி ஆள், நீரிழிவு வேறு. மொழிபெயர்க்க நான்தான் போய்வருவேன். அன்று அமாவாசை. விரதம் என்று காலையில் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. முதல்நாள் அம்மா கொடுத்துவிட்ட சோற்றில் ஒரு பிடியை உருட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போயிருக்கிறார். இங்கத்தைய வைத்தியசாலை ஜன்னல்கள் முழுதாகத் திறபடாது, மேற்பக்கம் ஒரு கை நுழையுமளவுக்குச் சரியும். அக்கா கதிரையில் ஏறி, அந்த இடுக்கால் கையை வெளியே நீட்டி, கா கா என்று கூப்பிட்டிருக்கிறார். மூன்றாம் மாடி. தாதி ஓடிவந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இறக்கியிருக்கிறாள்.

நான் போனபோது மனநலப் பிரிவிலிருந்து வந்த மருத்துவர் அறை வாசலில் நின்றார். இளம் பெண், மிகப் பொறுமையானவர். நோயாளி சாப்பிட மறுக்கிறார், சீனி இறங்கிக்கொண்டே போகிறது, ஜன்னலில் ஏறுகிறார், தங்கள் பிரிவுக்கு மாற்றவேண்டி வரலாம் என்றார். அந்தப் பிரிவுக்குப் போனவள் என்ற கதை எங்கள் ஆட்களிடம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். நல்லகாலம், இதற்கான விரிவுரை என் கையிலேயே இருந்தது. இறந்தவர்களுக்குப் படைப்பது, காகம் கொத்திய பிறகே விரதகாரர் உண்பது, இதெல்லாம் எங்களிடம் சாதாரணம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மருத்துவர் தலையாட்டினார். நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அறைக்குள் வந்து கட்டிலருகே நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: இந்தச் சோறு யாருக்கு?

கணவருக்கு என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். சத்திரசிகிச்சைக்கும் தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றதால் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். அக்காவின் கணவர் இறந்தவர் அல்ல. சண்டைக் காலத்தில் கொழும்புக்குப் போகிற வழியில் காணாமல் போனவர். இத்தனை வருடமும் அக்கா பொட்டை அழித்ததில்லை.

"அக்கா, இந்தச் சோறு ஆருக்கு?"

"அவருக்குத்தான். வேற ஆருக்கு?"

"அப்ப அவர்..."

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. அவர் இருக்கிறார்."

"இருக்கிற ஆளுக்கு ஆராவது காகத்துக்கு வைப்பினமோ அக்கா?"

அவர் பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "இருக்கிற ஆளுக்கும் பசிக்கும்தானே."

என் விரிவுரை அந்த இடத்தில் நின்றுபோனது. இது வழக்கமில்லை. எந்த அமாவாசையிலும் எந்த வீட்டிலும் இப்படி இல்லை. என் அம்மா கேட்டாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருப்பார். இங்கத்தைய வாசகர்களிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்த ஒரு பெண், எங்கள் வாசகர்களிடமும் அகப்படாமல் வேறெங்கோ நின்றாள். என்ன சொல்கிறார் என்று மருத்துவர் கேட்டார். செத்துப்போன தகப்பனுக்காம் என்று ஒரு பொய் போதும், குறிப்பேட்டை மூடிவிடுவார். ஆனால் அந்தச் சிறுகதையில் வருகிறவளின் பேச்சை யாரும் கேட்கவில்லை என்றுதானே ஒரு வாரமாகச் செமினாரில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன்.

மருத்துவர் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, மத்தியானத்துக்குள் சாப்பிட்டுச் சீனி ஏறினால் இன்று மாற்றமாட்டேன், நாளைக்கு வந்து ஆறுதலாகப் பேசலாம், இல்லாவிட்டால் இவரை இங்கே தனியாக விட முடியாது என்றார். நான் அதைச் சொல்ல, அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"காகம் எடுக்காமல் வாயிலை வைக்க ஏலாது எண்டு சொல்லு."

சோற்றுருண்டையை நான் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வாசலுக்கு எதிரே ட்ராம் நிறுத்தம். வாகனங்கள் நிற்கும் இடத்தின் மதில்மேல் சோற்றை வைத்தேன். விளக்குக் கம்பத்தில் ஒன்று இருந்தது, எங்கள் காகத்தைவிடப் பருமன், கழுத்தில் சாம்பல் இல்லை. மெதுவாகக் கூப்பிட்டேன். அது அசையவில்லை. நிறுத்தத்தில் ஒரு தாய் குழந்தையின் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினாள். செமினாரில் என்னோடு படிக்கிற யாராவது அங்கே நின்றால் என்ற எண்ணம் முதுகில் ஊர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை உயர்த்திக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட, இது அக்காவுக்காகவா, என் கட்டுரைக்காகவா, வழியில் காணாமல் போன ஒருவருக்காகவா என்று எனக்கே தெரியாமல் போனது.

காகம் மதிலில் வந்து இறங்கி ஒரு கொத்துக் கொத்தியது.

நான் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் மாடி ஜன்னலில் அக்கா சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தில் மருத்துவர் நின்றார். அவர் காகத்தைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.