மேசைமேல் இல்லாத புத்தகம்

பல்செட் செய்கிறவரை அந்தத் தெருவில் யாரும் பல்செட்காரர் என்று கூப்பிடுவதில்லை. 'இணைப்பு' என்றுதான் சொல்வார்கள். வார இதழோடு வருகிற இலவச இணைப்பு மாதிரி யாரோடாவது ஒட்டிக்கொண்டு திரிகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் தன்பாட்டுக்கு இருக்கிறவர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். பேர் வந்த கதை வேறு.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பட்டறைக்கு லீவு. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கதவு திறந்துவிடும். நீள மேசையில் கிடக்கிற தாடை அச்சுகளை அலமாரிக்கு ஏற்றி, பிளாஸ்டர் தூசியை ஈரத்துணியால் துடைத்து, நாலு நாற்காலி போடுவார். அலமாரியிலிருந்து ஊரில் பாதிப் பேருடைய பற்கள் இளித்துக்கொண்டு பார்க்க, அதற்குக் கீழே நாலு பேர் உட்கார்ந்து விளையாடுவார்கள். கதை விளையாட்டு. ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும்.

உலகத்தைச் சொல்கிறவர் நம் ஆள்தான். டவுன் பஸ் ஓட்டுகிற தங்கைக்குப் படகுக்காரி வேடம். தங்கையின் வீட்டுக்காரர், ஏசி மெக்கானிக், இவருக்கு மாப்பிள்ளை, அவர் திருடன். நிஜத்தில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் வாங்குகிற மனிதர், கதையில் கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டுவார். நாலாவது ஆள் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரம்மா. அவர் மந்திரவாதி. வாரம் முழுக்க டாக்டர் எழுதினதைக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை தன்னிஷ்டத்துக்குக் கஷாயம் காய்ச்சுவார்.

இந்த விளையாட்டுக்கு ஒரு மூலப் புத்தகம் உண்டு. மெயின் புத்தகம் என்பார்கள். மெலிசானது. ரெண்டு பகடை உருட்டு, இவ்வளவு வந்தால் காரியம் ஆச்சு, கஷ்டமான காரியமென்றால் ஒன்றைக் கழி. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் ஆடலாம். ஆனால் ஜனங்கள் போதும் என்று இருந்துவிட்டால் புத்தகம் போடுகிறவன் எப்படிப் பிழைப்பான்? அதனால் இணைப்புகள் வரும். படகுக்கு ஒரு இணைப்பு, காற்றுக்கும் மழைக்கும் ஒன்று, சந்தை வியாபாரத்துக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன், கயிறுகளுக்கு மட்டும் ஒன்று. அத்தனையையும் வாங்கி, அட்டை போட்டு, கண்ணும் கருத்துமாகப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார் நம் ஆள். இப்போது பேர் வந்த விதம் புரிந்திருக்கும்.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தொழில் அப்படி. பல்செட்டில் ஒரு பல் ஒரு மயிரிழை தூக்கிவிட்டால் போதும், போட்டுக்கொண்டவருக்குச் சோறு இறங்காது, நேரே வந்து மேசைமேல் கழற்றி வைத்துவிட்டுத் திட்டுவார். வாரத்தில் ஆறு நாள் மெழுகைச் சுரண்டிச் சுரண்டி சரிபார்க்கிற ஆளிடம் ஏழாம் நாள் மட்டும் 'ஏதோ ஒரு கயிறு' என்றால் மனசு ஒப்புமா?

ஒப்பாததன் பலன், படகுக்காரி படகைக் கிளப்புகிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிறு ஆகியும் படகு துறையைவிட்டு நகரவில்லை. முதல் வாரம் காற்று எந்தத் திசை என்று பார்த்தார்கள். ரெண்டாம் வாரம் சரக்கு எடை. மூன்றாம் வாரம் கயிறு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "படகுக் கயித்துல என்ன முடிச்சும்மா போட்டிருக்கே?" என்று கேட்டார்.

"ஏதோ ஒரு முடிச்சு."

"ஏதோ ஒண்ணுன்னு இதுல கிடையாது. பன்னெண்டு வகை போட்டிருக்கான்."

"என் ஷூவுக்குப் போடுற முடிச்சு. போதுமா?"

மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். மருந்துக்கடைக்காரம்மா நெயில்பாலிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விளையாட்டு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு தங்கை மட்டும் செருப்பை மாட்டாமல் வாசலில் நின்றாள்.

"அண்ணா, டிப்போவுல வார லீவு மாத்துறாங்க. ஞாயிறா புதனான்னு அடுத்த ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். புதன் எடுத்தா நல்ல ரூட்டு தர்றேங்கிறாங்க."

"புதன்கிழமை எனக்குப் பட்டறை உண்டேம்மா."

"தெரியும். அடுத்த வாரமும் நான் துறையிலயே நின்னேன்னா புதன்தான். ரோட்ல சிக்னல்ல நிக்கிறது பத்தாதா எனக்கு? இங்கயும் வந்து நிக்கணுமா?"

அவள் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.  தங்கை வராவிட்டால் மாப்பிள்ளை வரமாட்டார், அவர் வராவிட்டால் மருந்துக்கடைக்காரம்மா வந்து யாரோடு சண்டை போடுவார்? அதைவிட, கூடப்பிறந்தவளை அவர் உட்கார்ந்து பார்க்கிற நாளே அந்த ஒரு நாள்தான். அதை வாய்விட்டுச் சொல்கிற ஜாதியில்லை அவர். அதற்குப் பதில் என்ன செய்தார் தெரியுமா? படகு சீக்கிரம் கிளம்ப வழி இருக்கிறதா என்று இன்னும் மும்முரமாக இணைப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை பல் டாக்டருக்குக் கொடுக்கவேண்டிய செட்டுகளை எடுத்துக்கொண்டு தங்கை ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறினார். மடியில் பல் பெட்டி. பக்கத்தில் துணிப்பை நிறைய இணைப்புகள். வழியெல்லாம் படித்தார். இறங்கும்போது பல் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பை பஸ்ஸிலேயே போய்விட்டது.

டாக்டர் வாசலில்தான் நினைவு வந்தது. பேயறைந்த மாதிரி நின்றவர், தங்கையின் ட்ரிப் முடிகிற நேரம் பார்த்துப் போன் போட்டார்.

"பஸ்ல விட்டுட்டுப் போற சாமானெல்லாம் டிப்போ ஆபீஸ்ல ஒப்படைக்கணும்ணா. திங்கக்கிழமைதான் ஆபீஸ் திறப்பாங்க" என்றாள் தங்கை.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு மெயின் புத்தகம் இருக்குல்ல?"

இருந்தது. பட்டறை இழுப்பறையில், சாண்ட்பேப்பருக்கு அடியில். முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, தங்கை சின்ன வயதில் ஒட்டின டேப் மஞ்சளாகிப் போய்க் கிடந்தது. ஞாயிறு மதியம் அந்த ஒன்றை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். இந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு: மேசைமேல் இருக்கிற புத்தகம்தான் செல்லும். மாப்பிள்ளை எங்கேயோ போனில் பார்த்தேன் என்று புதுசு புதுசாக விதி அளந்துவிட்டதால், அவர் வாயை அடைக்க இவரே போட்ட சட்டம். தான் வெட்டின பள்ளத்தில் தானே விழப்போகிறோம் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

"சரி, துறையில இருக்கீங்க. காத்து..." என்று ஆரம்பித்தார்.

"புத்தகம் எங்க சார்?" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

"எனக்கு மனப்பாடம் மேடம். தென்மேற்குக் காத்து அடிச்சா..."

"மேசைமேல காணோமே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

சரக்கு எடையைப் பற்றி வாயெடுத்தபோதும் இதே பாட்டு. இவர் மென்று விழுங்கினார். மெயின் புத்தகத்தைப் புரட்டினார். அதில் படகைப் பற்றி மொத்தமே ஒரு பத்திதான். தங்கையைப் பார்த்து, "படகைக் கிளப்புறியா?" என்றார்.

"கிளப்புறேன்."

"உருட்டு."

உருட்டினாள். படகு கிளம்பிவிட்டது. அட, அவ்வளவுதானா என்று நாலு பேருமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப்பிறகு கதை ஓட்டம் பிடித்தது. புரட்ட ஒன்றுமில்லாததால் அவர் சொல்லவேண்டியிருந்தது. கடலின் நிறத்தைச் சொன்னார். தூரத்தில் தெரிந்தது மேகமில்லை, தீவுமில்லை, மூச்சு விடுகிற ஏதோ ஒன்று என்றார். மருந்துக்கடைக்காரம்மா காய்ச்சின கஷாயம் தவறிப்போய்க் கடலே ஊதா நிறத்துக்கு மாறியது. மாப்பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிற படகிலேயே படகின் விளக்கைத் திருடினார். அதனால் இருட்டில் ஒரு தீவின் பாறையில் மோதினார்கள். மோதின வேகத்தில் திருடன் விளக்கோடு கடலில் விழுந்தான்.

"கயித்தை வீசுறேன்" என்றாள் தங்கை. அவள் குரலில் விளையாட்டே இல்லை.

"நான் அதை இடுப்புல கட்டிக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. "இழும்மா."

நம் ஆளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. அந்தக் கயிறு படகோடு கட்டியிருப்பது எந்த முடிச்சில்? ஷூ முடிச்சில். கயிறு இணைப்பில் அது பச்சையாகவே எழுதியிருந்தது: நனைந்த கயிற்றில் அந்த முடிச்சு ஆள் பாரம் தாங்காது, வழுக்கிவிடும், பகடை உருட்ட வேலையே இல்லை. திருடன் போய்விடுவான். அதுதான் சரியான விடை. மயிரிழை பிசகாத விடை. மேசைச் சட்டமெல்லாம் தடையே இல்லை. கதை சொல்கிறவர் அவர். 'முடிச்சு அவுந்துருச்சு' என்று கதையோடு கதையாகச் சொல்லிவிட்டுப் போனால் எந்தப் புத்தகம் என்று யார் கேட்கப்போகிறார்கள்? அந்த விதி இருப்பதே வேறு யாருக்கும் தெரியாது.

சொல்ல வாயைத் திறந்தார். தங்கை பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"கஷ்டமான காரியம். ஒண்ணு கழிச்சுக்கோ" என்றார். "உருட்டு."

ஒன்று கழித்தும் தேவைக்கு மேலேயே இருந்தது. தங்கை மேசையில் அடித்த அடியில் இடுக்கிலிருந்த தூசியெல்லாம் கிளம்பியது. அலமாரியில் ரெண்டு தாடை கடகடவென்று ஆடின. மாப்பிள்ளை நிஜமாகவே கரையேறினவர் மாதிரி மூச்சு வாங்கினார். விளக்கையும் விடவில்லை என்று பெருமை வேறு. மருந்துக்கடைக்காரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பட்டறையில் இவ்வளவு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நம் ஆள் நினைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வாரக்கணக்கில் மற்றவர்களுக்கு இது கிடைக்காமல் செய்தவர் தாம்தான் என்பதும் கூடவே உறைத்தது.

எல்லோரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஸ்கூட்டரை எடுக்கப் போக, தங்கை அண்ணனோடு சேர்ந்து தாடைகளை மேசைக்கு இறக்கினாள். பிறகு வாசலுக்குப் போய், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உன் பை."

"இது எப்படி?"

"நேத்தே எடுத்துட்டேன். நீ உக்காந்திருந்த சீட்லதான் கிடந்துச்சு."

"திங்கக்கிழமைன்னு சொன்னியே?"

"ஆபீஸ் திங்கக்கிழமை திறக்கும்னு சொன்னேன். பை ஆபீஸ்ல இருக்குன்னு சொன்னேனா?"

அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வருவதற்குள் அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். கயிறு இணைப்பு.

"வீட்டுல சும்மாதானே இருக்குன்னு இதைப் படிச்சேன். ஷூ முடிச்சு நனைஞ்சா வழுக்கும்னு போட்டிருக்கான். பகடையே வேண்டாமாம்."

அவர் மேசையிலிருந்த ஒரு தாடையை எடுத்துத் திருப்பி வைத்தார்.

"அவரு தண்ணியில விழுந்தப்ப நான் உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தேன். நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன்."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சும்மா."

"வந்ததையும் பாத்தேன். முழுங்கினதையும் பாத்தேன்."

அவள் போனை எடுத்து, டிப்போவில் டியூட்டி போடுகிறவருக்கு அடித்தாள். "சார், எனக்கு ஞாயிறே இருக்கட்டும். ரூட்டு எதுவானாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

  என்ன சொல்வதென்று தெரியாதபோது நம் ஆள் என்ன செய்வார்? பையைத் திறந்து புத்தகங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"அடுத்த வாரம் தீவுல இறங்கணும்ல" என்றார் மெதுவாக. "தீவுகளுக்குன்னு புதுசா ஒரு இணைப்பு வந்திருக்காம்."

"அண்ணா."

"வீட்டுல வெச்சுப் படிக்கத்தாம்மா."