கடிகாரத்தை அமுக்க மறந்தவர்

போன ஞாயிறு திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி. ஐந்து சுற்று. நான்கு முடிந்தபோது நான் எடுத்திருந்த புள்ளி... பூஜ்ஜியம். ஐம்பத்துமூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்கிறீர்களா? வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

“இந்த வாட்டியும் முட்டையோட வந்தீங்கன்னா போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்” என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினார். சொன்னால் செய்கிறவர்.

கடைசிச் சுற்றில் எதிரே அன்வர் பாய். கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை வைத்திருக்கிறார். வியாபாரம் இல்லாத நேரத்தில் கடையிலேயே செஸ் ஆடிப் பழகியவர். நிதானமாக என் படையைக் காலி செய்தார். என்னிடம் மிஞ்சியது ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அவரிடம் ராணி இருந்தது. எவ்வளவு நேரம் தாங்கும்?

அப்போதுதான் கவனித்தேன். பாய் காயை நகர்த்தினார்... கடிகாரத்தை அமுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட வேண்டியவன் நான். ஆனால் அமுக்காததால் கரைவது அவருடைய நேரம். பாக்கி நாலரை நிமிடம். அது தீர்ந்தால் அவர் தோற்றார் – நான் ஜெயித்தேன்.

சொல்லியே ஆகவேண்டும் என்று விதி கிடையாது. நெற்றியில் கை வைத்து யோசிப்பதுபோல் நடித்தேன். ஜன்னல் வழியே மலை தெரிந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

அரை நிமிடம் இருக்கும்போது நெற்றியிலிருந்து கையை எடுத்தேன். “பாய், நீங்க கடிகாரத்தை அமுக்கலையே” என்றேன்.

பதறிப்போய் அமுக்கினார். நான் ராஜாவை நகர்த்தினேன். அவசரத்தில் பாய் என் கடைசிச் சிப்பாயையும் ராணியால் வெட்டினார். அங்கேதான் தப்பு நடந்தது. என் ராஜாவுக்குச் செக் இல்லை; நகரக் கட்டமும் இல்லை. விதிப்படி டிரா.

அரைப் புள்ளி! அப்பாடா... போர்டு பரணுக்குப் போகாது. நடுவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் டீ குடிக்கும்போது பாய் சொன்னார்: “கடையில நாங்க கடிகாரம் வெச்சா ஆடறோம்? நீங்க யோசிக்கிறீங்கன்னு நெனச்சு, தொந்தரவு பண்ணாம உக்காந்திருந்தேன். பாத்த உடனே சொன்னீங்க பாருங்க... பெரிய மனசு சார்.”

“இருக்கட்டும் பாய்” என்று மட்டும் சொன்னேன்.

“பேப்பர்ல உங்க பத்தியை வாராவாரம் படிக்கிறேன் சார். ஒண்ணு விடறதில்ல” என்றார்.

நல்லதாகப் போயிற்று. நேரில் வாய் வராததை இங்கே எழுதிவிடலாம்.

பாய், பார்த்த உடனே சொல்லவில்லை... நாலு நிமிடம் கழித்துத்தான் சொன்னேன்.