லண்டன் புகழ் சொற்பொழிவாளர்

என் தம்பி இங்கிலாந்தில் ஹிப்ஹாப் பாடகன். இந்த ஒரு வரியை அம்மாவிடம் சொல்ல ஆறு வருடமாக எனக்கு வாய் வரவில்லை. பர்மாவில், யாங்கோனுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினில் ஒரு தையல் ஆலையில் அறுபது பெண்களை அதட்டி வேலை வாங்குகிறவள் நான். வீட்டுக்கு வந்தால் மட்டும் பூனைக்குட்டி ஆகிவிடுகிறேன்.

பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. "தம்பி அங்க என்னதான் வேல பாக்குறான்?" என்று அம்மா கேட்டபோது, "மேடையில பேசுறாம்மா, ஊர் ஊராப் போயி" என்றேன். "எதப் பத்தி?" என்றாள். "வாழ்க்கையப் பத்தி" என்றேன். மிச்சத்தை அம்மாவே கட்டிக்கொண்டாள். வாழ்க்கையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அவள் அறிந்தவரையில் ஒரே வகைதான். நெற்றி நிறைய விபூதி இருக்கும், கழுத்தில் மாலை இருக்கும், பக்கத்தில் ஒரு செம்பில் பால் இருக்கும்.

உண்மையில் நடந்தது வேறு. பதினெட்டு வயதில் கணக்கியல் படிக்கிறேன் என்று பர்மிங்ஹாமில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனான். இரண்டாம் வருடம் படிப்பை விட்டான். பகலில் ஒரு ரொட்டிக் கிடங்கில் பெட்டி தூக்கினான். வியாழக்கிழமை சாயங்காலங்களில், முடிதிருத்தும் கடை ஒன்றின் மாடியில் கூடுகிற பையன்களோடு சேர்ந்து மைக் பிடித்தான். தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் வார்த்தைகளை அள்ளி வீச வேண்டும். திணறினால் அடுத்தவன் மைக்கைப் பிடுங்கிவிடுவான். முதல் இரண்டு வாரமும் இவன் உச்சரிப்பைக் கேட்டே சிரித்தார்களாம். மூன்றாம் வாரம் நடுவில் வார்த்தை தீர்ந்துபோய்த் திருதிருவென விழித்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் பஸ் நிறுத்தங்களைக் கொட்டியிருக்கிறான். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா தன்லியினிலிருந்து யாங்கோன் நடுவில் இருக்கும் சூலேக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். இங்கே 'ஸ்பேர்' என்போம். கதவில் ஒற்றைக் கையால் தொங்கியபடி நிறுத்தங்களை மூச்சு விடாமல் அடுக்குவார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "பா லா?" என்று பர்மியில் கேட்பார். இறங்க ஆள் இருக்கா என்று அர்த்தம். இருந்தால் உள்ளேயிருந்து "பா தே!" என்று பதில் வரும், வண்டி நிற்கும். பதில் வராவிட்டால் அப்பா கதவைத் தட்டுவார், வண்டி பறக்கும். தம்பி இதையே ஒரு பாட்டாக்கினான். அதன் பிறகு அவனுக்கு ஏறுமுகம்தான். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போனான், ரேடியோவில் வந்தான், பெரிய மைதானத் திருவிழாக்களில் பாடினான். இங்கே அதற்கெல்லாம் தடை என்பதால், நான் வி.பி.என். போட்டு அந்த வீடியோக்களைப் பார்ப்பேன். குளிருக்குக் குல்லாய் போட்ட ஆயிரம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே "பா தே!" என்று கத்தும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் நிறையும்.

ஒரு நாள் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்துவிட்டாள். தம்பி கறுப்புக் கண்ணாடியும் குல்லாயுமாகக் குதித்துக்கொண்டிருந்தான். "இவனப் பெத்தவ என்ன பாடு படுறாளோ" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் யாருக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரும்?

போன வருடம் அப்பாவின் திதிக்குத் தம்பி வந்தான். அப்பா இறந்தபோது ஊரடங்கு, விமானம் பறக்கவில்லை, அவனால் வர முடியவில்லை. அந்த உறுத்தல் அவனுக்குள் அப்படியே இருந்தது. வந்த அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா பாட்ட அம்மா ஒரு தடவ கேக்கணும். கேட்டுட்டுத் திட்டினாலும் யபாதே."

யபாதே என்றால் பரவாயில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பரவாயில்லை மாதிரி தெரியவில்லை.

"நான் மெதுவா எடுத்துச் சொல்றேன்டா" என்று சொல்லி முடிப்பதற்குள் கோயில் காரியதரிசி வாசலில் வந்து நின்றார். கையில் அப்பாவின் திதி அன்னதானத்துக்கான நோட்டீஸ். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து: 'காலை பதினொரு மணிக்கு, லண்டன் புகழ் ஆன்மிகச் சொற்பொழிவாளர் அவர்கள் உரையாற்றுவார்கள்.' தம்பியின் படம் வேறு, அவன் பத்தாம் வகுப்பில் எடுத்தது. அம்மா ஏற்பாடு. பெருமையில் அவள் முகம் பளபளத்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

வேறு வழியில்லை, சொற்பொழிவுக்குப் பதில் அப்பா பாட்டையே பாடிவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு நாள் உட்கார்ந்து அதைத் தமிழில் மாற்றினோம். அவனுக்குத் தமிழ் அரைகுறை, கோபம் வந்தால் பர்மியையும் தாண்டி இங்கிலீஷுக்குப் போய்விடுவான். நானும் ஆலையில் பேசுகிற தொனியில் அவனை விரட்டினேன். சண்டையும் சிரிப்புமாக ஒருவழியாக முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் பக்கம் மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். அன்று ஒன்பதிலிருந்து ஒன்றுவரை எங்கள் முறை. கோயில் ஜெனரேட்டரைச் சமையல்கட்டுத் தண்ணீர் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பி வெள்ளைச் சட்டை, பர்மிய லுங்கி, விபூதியோடு மேடை ஏறினான். காரியதரிசி மாலை போட்டார். செம்பில் பால்கூட வைத்திருந்தார்கள். பாவி, அதைக் குடித்தும் விட்டான்.

பிறகு லேப்டாப்பைத் தட்டினான். முரசு மாதிரி ஒரு அடி கிளம்பி மண்டபத் தகரமெல்லாம் அதிர்ந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்த இரைச்சலில் தம்பி என்ன சொல்கிறான் என்று பக்கத்தில் நின்றிருந்தால்கூடக் கேட்டிருக்காது. அம்மா அவன் கை வீச்சை உற்றுப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இது உன் ஃபோன்ல குதிச்ச குல்லாக்காரன்தான?"

"ஆமாம்மா" என்றேன்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். செருப்பு விட்ட வாசலைப் பார்த்து நடந்தாள்.

அப்போது மின்சாரம் போனது, முறையெல்லாம் பார்க்காமல்.

மின்விசிறிகள் நின்றன, ஒலிபெருக்கி செத்தது. சட்டென்று விழுந்த அமைதியில் தம்பி மேடையில் தனியாக நின்றான், அம்மாவின் முதுகைப் பார்த்தபடி. அவன் இறங்கி ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஓரத்துத் தூணை ஒற்றைக் கையால் பிடித்தான், உடம்பை வெளியே சாய்த்தான், வெறும் தொண்டையால் கூவினான்.

"தன்லியின் சந்தை, சந்தை, சந்தை! உள்ள போ, உள்ள போ! கோயில் முக்கு, பா லா?"

பின்வரிசையிலிருந்து யாரோ "பா தே!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அந்த மண்டபத்தில் அப்பாவின் பஸ்ஸில் தொங்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? அடுத்த நிறுத்தத்துக்கு மண்டபம் முழுக்கப் பதில் சொன்னது. அம்மா வாசற்படியில் நின்றுவிட்டாள். திரும்பினாள்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் இரண்டு வரி. அப்பா யாரை ஏற்றினார், யாரிடம் வம்பு வாங்கினார், மழையில் யாருக்குக் குடை கொடுத்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். "ஊரையே இறக்கிவிட்ட மனுசன், அவரு கிளம்பறப்ப நான் ஏறி வரலையே" என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. எழுதும்போது அந்த வரிக்காகத்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம். அம்மா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாட்டில் பாலம் தாண்டி தாக்கேத்தா நிறுத்தத்துக்கு வந்திருந்தான். படாரென்று விளக்கெல்லாம் எரிந்தது. ஒலிபெருக்கி மறுபடி இடிக்க ஆரம்பித்தது. பழக்க தோஷம், மண்டபமே "மீ லாப்யி!" என்று கூச்சல் போட்டது. கரண்ட் வந்தால் யாங்கோன் முழுக்க அப்படித்தான் கத்தும்.

அம்மா எழுந்து நின்றாள்.

"அத அணைங்க! என் பிள்ள பேசிக்கிட்டிருக்கான்ல!"

வந்த கரண்டை அணைக்கச் சொன்ன ஒரே ஆள் இந்த ஊரில் என் அம்மாவாகத்தான் இருப்பாள். காரியதரிசி ஓடிப்போய் மெயினையே அணைத்தார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடரப் போனான். அம்மா விடவில்லை.

"நில்லு. பாலத்துக்கு முன்னாடி ஒன்ன விட்டுட்ட. அரிசி மில் வாசல்."

"அங்க ஸ்டாப்பு கிடையாதேம்மா."

"கிடையாதுதான்" என்றாள். "நான் அங்க வேல பாத்தப்ப எனக்காக மட்டும் நிறுத்துவாரு. டிரைவருகிட்ட தெனம் திட்டு வாங்குவாரு."

மண்டபம் விசிலடித்தது. அறுபது வயது அம்மா வெட்கப்பட்டதை அன்றுதான் நான் பார்த்தேன்.  தம்பி தூணை மறுபடி பிடித்து, சந்தையிலிருந்தே புதிதாக ஆரம்பித்தான். கோயில் முக்குக்கு ஊரே பதில் சொன்னது.

அடுத்து அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மில் வாசல், பா லா?" என்று கேட்டான்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"பா தே" என்றாள் அம்மா.