அண்ணியின் நான்காம் சரணம்

என் அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். அவர் எழுதிய ஞானப்பாட்டு ஒன்று சர்ச்சில் பாடும் மூன்று பாட்டுப் புத்தகங்களில் வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அச்சேறியது அது ஒன்றுதான். டெலிபோன் டைரக்டரியில் வந்த என் பெயரைக் கணக்கில் சேர்க்க முடியாது. அது தப்பாக வந்தது.

பாட்டுக்கு நான்கு சரணங்கள். யாரும் பார்க்காத இடத்தில் அழுக்குத் துவைக்கும் கைகளைக் கர்த்தர் பார்க்கிறார் என்பது நான்காவது. ஆராதனையில் சோப்பு நுரை எதற்கு என்று முதல் புத்தகத்தார் அதை வெட்டினார்கள். இரண்டாம் புத்தகத்தார் முதலாவதைப் பார்த்து அப்படியே அச்சடித்தார்கள். எங்கள் சபை மட்டும் விடவில்லை. ஆர்கன்காரர் புத்தகத்தில் உள்ளதைத்தான் வாசிப்பார். மூன்றாவது முடிந்ததும் கையை எடுத்துவிடுவார். நான்காவதை நாங்கள் வாத்தியமில்லாமல் மனப்பாடமாகப் பாடுவோம்.

மூன்றாம் புத்தகம் தயாரானபோது, தொகுப்புக் குழுச் செயலாளர் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்தார்.

"போன புத்தகத்துல இருக்கிற மாதிரியே போட்டுடறோம்மா."

"அப்ப வேண்டாம் சார். நாலும் வந்தா வரட்டும். இல்லைன்னா பாட்டையே எடுத்துடுங்க."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிடைச்சதையும் கெடுத்துக்காதே. இது எல்லாச் சபைக்கும் போற புத்தகம்."

"போகட்டுமே. ஒரு கை இல்லாத சட்டையை நல்லா மடிச்சுக் குடுத்தா டாக்டர் போட்டுக்குவாரா?"

செயலாளர் சிரித்துவிட்டார். "நாலாவது யாருக்கும் தெரியாதேம்மா. யார் பாடுவாங்க?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

வந்தார். முன்வரிசையில் நின்று பாடினார். மூன்றாம் சரணத்தோடு ஆர்கன் நின்றதும் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் ஒருவரும் உட்காரவில்லை. பின்வரிசையில் சலவைக்கூடத்துப் பெண்கள் நான்காவதை எடுக்க, சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. செயலாளர் மெல்ல எழுந்து, முடியும்வரை நின்றார்.

வாசலில் அண்ணியிடம், "முழுசா எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

புதிய புத்தகத்தில் நான்கு சரணங்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கீழே அண்ணியின் பெயர், பிழையில்லாமல். நானே சரிபார்த்தேன்.

அதை வைத்துப் பாடிய முதல் ஞாயிறு, மூன்றாவது முடிந்தபின்பும் ஆர்கன்காரர் கட்டைகளிலிருந்து கையை எடுக்கவில்லை. அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் வழக்கம்போலப் பாடினோம்.