அருளப்புச் சம்மாட்டியாரின் லொறிக்கு அடிச்சட்டம் மாற்றியவன்

மாம்புரி பஸ்தியானிடம் ஒரு கெட்ட குணம் இருந்ததென்றால், அது எதையும் மறக்காததுதான். பார்வைக்கு ஆள் சாது. கள்ளுத் தவறணைப் பக்கம் போகமாட்டான். கோவிலில் பின்வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டு, யாரோடும் கதையில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவான். உள்ளே மட்டும் எட்டு வருடமாக ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதை மூட்டிவிட்ட புண்ணியவான் அருளப்புச் சம்மாட்டியார்.

சம்மாட்டியாருக்கு ஐந்து வள்ளம், இரண்டு கரைவலை, ஒரு தென்னந்தோட்டம். கோவில் மூப்பரும் அவரேதான். இவ்வளவும் போதாதென்று முப்பத்தைந்தாம் ஆண்டு கொழும்பிலிருந்து ஒரு பிக்கப் லொறியைக் கொண்டுவந்து இறக்கினார். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் திறந்த பெட்டி. வாரம் முழுக்க அதில் மீன் போகும், திருநாளன்று மாதாவின் சுருவம் ஊர்வலம் போகும். மீனிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீரெல்லாம் பலகை இடுக்கால் இறங்கி, வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தில் தேங்கியது. போதாக்குறைக்குச் சனிக்கிழமை தோறும் லொறியைக் களப்புக்குள் இறக்கி, மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவச் சொல்வார். உப்பைக் கழுவ உப்புத்தண்ணீர். அந்த மூளைக்கு ஐந்து வள்ளம்.

லொறியை ஓட்டியவன் பஸ்தியானின் தம்பி சவிரிமுத்து. முப்பத்தெட்டில் ஒரு நாள் அவன் அண்ணனிடம் சொன்னான்: "வண்டி நடுவில தொங்குது அண்ணன். சம்மாட்டியாரிட்டச் சொன்னன். தானே பாத்துச் சரிப்பண்ணிட்டாராம், பயமில்லாம ஓட்டு எண்டார்."

அடுத்த செவ்வாய்க்கிழமை பாலாவி றோட்டில் இடப்பக்கச் சட்டம் முறிந்து லொறி மரத்தில் மோதியது. சவிரிமுத்து அந்த இடத்திலேயே முடிந்துபோனான். வயது இருபத்தாறு. மனைவி யூஜீனியாவுக்கு அப்போது ஆறு மாதம்.

பொடியன் குடித்திருந்தான் என்று சம்மாட்டியார் வாய் கூசாமல் சொன்னார். குடித்துச் செத்தவனுக்குத் துக்கமணி அடிக்கக்கூடாதென்று மூப்பர் முறையில் தடுத்தார். சேமக்காலையிலும் புதைக்க நல்ல இடம் கொடுக்கவில்லை. கோவிலுக்குப் போகும் பாதையோரம் வேலி மூலையைக் காட்டினார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பாதிப் பேருக்கு அவருடைய வள்ளத்தில்தான் தொழில். பெட்டியைத் தோளில் சுமந்துபோன பஸ்தியான் மணிக்கூண்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அந்த மணியை அந்த மனிதரின் கையாலேயே அடிக்கவைப்பேன் என்று அப்போதே மனதில் போட்டுக்கொண்டான்.

யுத்தம் வந்தது. பாலாவியில் பட்டாள முகாம் போட்டார்கள். பஸ்தியான் அங்கே கராஜில் சேர்ந்து லொறியைப் பிரித்துப் பூட்டவும், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஆணி அறையவும் படித்தான். முகாம் கலைந்தபோது, கழித்துவிட்ட ராணுவ லொறி ஒன்றின் அடிச்சட்டத்தை மாட்டுவண்டியில் கொண்டுவந்து முற்றத்தில் போட்டான். வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயை அதற்குப் பூசிப் பூசிக் காத்திருந்தான். சம்மாட்டியாரின் லொறி, முறிந்த பக்கத்தில் சிலாபத்துக் கொல்லன் அடித்த தகட்டோடு இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. என்றைக்காவது அது படுக்கும், அன்றைக்கு அவர் வருவார் என்று அவனுக்குத் தெரியும்.

நாற்பத்தாறாம் ஆண்டுத் திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தார்.

"சட்டம் இத்துப்போச்சு பஸ்தியான். திருநாளுக்கு மாதாவை எதில கொண்டுபோறது? உன்னட்ட ஒண்டு கிடக்குதாம்."

"ஓம் சம்மாட்டியார். மாத்தித் தாறன்."

"என்ன கேக்கிறாய்?"

"பழைய சட்டத்தை எனக்குத் தாங்க. மேல்கூட்டைத் தூக்க நாப்பது ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிய, கோவில் முத்தத்தில வெச்சுச் செய்வம்."

சம்மாட்டியாருக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. தன்னுடைய லொறியைச் சுற்றி ஊர் கூடி நிற்பதென்றால் அவருக்குக் கசக்குமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. துருவேறிய ஆணிகளைப் பஸ்தியான் உளியால் ஒவ்வொன்றாக வெட்டினான். நாற்பது பேரும் வள்ளம் இழுக்கும் அம்பாப் பாட்டைப் பாடிக்கொண்டு மேல்கூட்டைத் தூக்கித் தென்னங்குற்றியில் வைத்து உருட்டினார்கள். கூடு நகர்ந்ததும் அடிச்சட்டம் வெயிலில் தனியே கிடந்தது. இடப்பக்கம் சிலாபத்துத் தகடு. வலப்பக்கம், அதற்கு நேர் எதிரே, இத்தனை நாளும் பலகைக்குக் கீழே மறைந்துகிடந்த இடத்தில் கையகலத்துக்குத் தார்போல் கறுத்த கீல் பூசியிருந்தது.

பஸ்தியான் கீலைச் சுரண்டினான். உள்ளே இரும்பில் ஒரு நீண்ட வெடிப்பு. வெடிப்புக்குள் குங்கிலியத்தில் தோய்த்து முறுக்கிய சிவப்புத் துணி, உளியால் இறுக்கி அடைத்தபடி.

வள்ளத்துப் பலகை இடுக்கில் தண்ணீர் வராமல் அடைக்கும் கலப்பத்து வேலை அது. அந்தக் கரையில் எல்லாரும் அதற்குப் பஞ்சுதான் வைப்பார்கள். வள்ளத்தின் பழைய சிவப்புப் பாய்த்துணியைக் கிழித்து முறுக்கி வைப்பவர் ஒரே ஒருவர். அம்பாப் பாட்டு நின்றுபோனது. சம்மாட்டியாரின் பெரிய வள்ளத்தை நடத்தும் பீற்றர் குனிந்து பார்த்தார்.

"இது சம்மாட்டியார்ர கை," என்றார்.

சம்மாட்டியாருக்கோ தான் செய்த வேலையே மறந்துபோயிருந்தது. கிட்டே வந்து பார்த்த பிறகுதான் முகம் மாறியது. "வெடிப்பு எண்டு சொன்னான். ரெண்டு பக்கமும் அடைச்சு விட்டன். வள்ளத்துக்குச் செய்யிறதைத்தான செஞ்சன்?"

"சொன்னவன் ஆரு?" என்று பஸ்தியான் கேட்டான்.

சம்மாட்டியார் விலகப் பார்க்க, பஸ்தியான் குறுக்கே வந்து நின்றான்.

"வெடிச்சது தெரிஞ்சு, துணியை அடைச்சு, ஓட்டெண்டு அனுப்பினீங்க. செத்த பிறகு குடிகாரன் எண்டீங்க. இப்ப வந்து மணியை அடிங்க. உங்கட கையால அடிக்கவேணும்."

சம்மாட்டியார் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. வாசலில் நின்ற பங்குச் சுவாமி போய் மணிக்கயிற்றின் கட்டை அவிழ்த்துவிட்டார். சம்மாட்டியார் நடந்துபோய்க் கயிற்றைப் பிடித்தார். வயதுக்கு ஒன்றாக இருபத்தாறு தட்டு. யூஜீனியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தட்டும் பஸ்தியானின் நெஞ்சில் இனித்தது. இனிக்காமல் என்ன செய்யும்? இருபத்துநான்கில் சம்மாட்டியார் மூச்சுவாங்கிக் கயிற்றை விட்டார்.

"இன்னும் ரெண்டு இருக்கு," என்றான் பஸ்தியான்.

மணியோடு அவன் ஆறிவிடுவான் என்று ஊர் நினைத்தது. சொன்ன சொல்லுக்கு வேலையையும் முடித்துக் கொடுத்தான். பட்டாளச் சட்டம் ஒரு முழம் நீளம் கூட. அதை நடுவில் வெட்டிச் சேர்த்து, இருபுறமும் தகடு வைத்துப் பழுக்கக் காய்ச்சிய ஆணி அறைந்தான். எஞ்சினையும் கூட்டையும் ஏற்றி ஆணிக்கு ஆணி தட்டிப் பார்த்தான். திருநாளன்று மாதா ஆட்டமில்லாமல் போனாள். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம்.

பிறகு பழைய சட்டத்தின் வலப்பக்கத்தை வெட்டினான். ஆளுயரத்தில் ஒரு சிலுவை செய்து தம்பியின் தலைமாட்டில் நட்டான். வெடிப்பும் சிவப்புத் துணியும் பாதையைப் பார்த்தபடி இருந்தன. பாதையோரத்து மூலையைத் தேடிக் கொடுத்தவர் சம்மாட்டியார்தானே.

இரண்டு ஞாயிறு அந்தப் பாதையால் நடந்த பிறகு அவர் பஸ்தியானின் வீட்டுக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"மாபிள் கல்லில நல்ல சிலுவை ஒண்டு வெச்சுத் தாறன். அதை எடுத்திரு பஸ்தியான். எப்பிடியும் துரு திண்டுபோடும்."

"திண்ணாது சம்மாட்டியார். சுறா எண்ணெய் பூசுறன். உங்கட காலம் முடியுமட்டும் நிக்கும்."

பூசினான். மாதத்துக்கு ஒருதரம், சனிக்கிழமை பின்னேரம், தும்பு முடிச்சை எண்ணெயில் தோய்த்து மேலிருந்து கீழே பூசுவான். சிவப்புத் துணியில் மணல் படிந்திருந்தால் வாயால் ஊதித் துடைப்பான். மறுநாள் ஞாயிறு, சம்மாட்டியார் அந்தப் பாதையால் பூசைக்கு வருவார்.