மந்திரியின் கையைப் பிடித்தவர்

முட்டை வெள்ளைக்கரு காய்ந்து விறைத்த தோள்துண்டு ஒன்று புத்தூரில் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. துவைக்கக் கூடாது என்பது என் அப்பா, நைனாவின் கட்டளை. மந்திரியாக இருந்த ஒருவர், பிரச்சாரத்துக்கு வந்த இடத்தில் ஜீப்பிலிருந்து சறுக்கி இடது முழங்கையை முறித்துக்கொண்டார். சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றவர்களை மறித்து, முறிந்த எலும்புக்கு முட்டையும் பச்சிலையும் வைத்துக் கட்டும் புத்தூர் கட்டுக்கு வண்டியைத் திருப்பியவர் கட்சிக்காரரான நைனாதானாம். கட்டுப் போட்டு முடியும்வரை கையைத் தாங்கிப் பிடித்தவரும் அவரேதான். அப்போது ஒழுகிய மருந்துதான் இந்தக் கறை. மாமா இதை நம்பியதே இல்லை. ஆம்லெட் துடைத்த துண்டு என்பார், நாலு பேர் எதிரில். நைனா பேசாமல் துண்டை மடித்து உள்ளே வைத்துவிடுவார். வாயாடி மனிதர் வாயடைத்துப்போகும் இடம் அது ஒன்றுதான்.

போன மாதம் திருப்பதியில் ஒரு புத்தகக் கடையில் அந்தத் தலைவரின் நாட்குறிப்புகள் கண்ணில் பட்டன. அவர் காலமான பிறகு அச்சானவை, தெலுங்கில். நின்றபடியே புரட்டினேன். அரசாங்க ரகசியம் எதுவும் இல்லை. மந்திரிசபை கலைந்த நாளில் அவருக்குப் பல்வலி. டில்லியில் சோறு சரியில்லை. பலமனேரில் மழை, மனம் குளிர்ந்தது. இவ்வளவு பெரிய வாழ்க்கையில் நான் தேடியதோ ஒரு முழங்கை. வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். ரேணிகுண்டா தாண்டி, ரயில் ஜன்னலில் குன்றுகள் ஓடிக்கொண்டிருந்தபோது அகப்பட்டது.

‘புத்தூரில் கட்டு. வலியைப் பொறுத்துக்கொண்டேன். கையைப் பிடித்திருந்த ஆளின் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. வாயை மூடவே இல்லை.’

அவ்வளவுதான். பெயர் இல்லை. இதையா போய்ப் படித்துக் காட்டுவது? முதல் இரண்டு வரியோடு நிறுத்திவிடலாம் என்று எண்ணியபடியே வீட்டுக்குள் நுழைந்தேன். கண்ணில் புரை விழுந்த நைனா புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“இன்னா எழுதிகீறாரு?”

அந்த முகத்தைப் பார்த்து எதையும் விழுங்க முடியவில்லை. முழுதும் படித்தேன்.

“பேரு?”

“போடல நைனா.”

“பேரு இன்னாத்துக்கு? அந்தப் பேச்சு பேச இந்த ஊர்ல வேற எவன் கீறான்?” சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். “உங்க மாமனுக்குப் போன் போடு. மெதுவா படி, கடைசி வரிய ரெண்டு தபா படி.”

மணி போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பீரோ திறந்திருந்தது. விறைத்த அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய் மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் நைனா.