பெரியவரு

மூணாங்கிளாஸ் தாண்டாத எனக்கு இன்றைக்கு ஆறு லாரி ஓடுகிறது, எந்த பி.ஏ.காரன் பக்கத்தில் வருவான்? ஆனாலும் வெயிலில் காய்ந்த தார்ப்பாய் வாசம் வந்தால், மரம் ஏற்றப் போன லாரியில் மடித்த தார்ப்பாய்மேல் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து, நாங்கள் குடியிருந்த மர்பி டவுனிலிருந்து வடக்கே தாண்டேலிக் காட்டுக்கு அப்பா ஓட்டிக்கொண்டு போன கோடைதான் வந்து நிற்கிறது. கைக்குழந்தைத் தம்பி செத்ததிலிருந்து மூன்று மாதமாய் அம்மா அழவுமில்லை, பேசவுமில்லை. காடு பார்த்தால் தேறுவாள் என்று அப்பா நினைத்தார். மான் ஓடியது, காட்டெருமை நின்றது, மூங்கில் லாரியை உரசிக்கொண்டே வந்தது, அம்மா எதையும் பார்க்கவில்லை.

ஒரு வளைவில் அப்பா எஞ்சினை அணைத்தார்.

"பெரியவரு நிக்கிறாரு. பேசாதீங்க."

காட்டுக்குள் டிரைவர்கள் யானையைப் பேர் சொல்லமாட்டார்கள், பெரியவரு என்பார்கள். அது செத்துக் கிடந்த குட்டிமேல் தழையை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"பெரியவரு இல்லைங்க," என்றாள் அம்மா. "பெத்தவ."

அப்புறம் வாய்விட்டு அழுதாள்.

அந்த வளைவு இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. தம்பிக்காக அம்மா அழுத இடம் அது ஒன்றுதான்.